ஹார்மோன் ஊசி ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குப் புதுசாக எதுவும் மனசில் நிற்பதில்லை. ஆண் ஹார்மோனுக்கும் ஞாபகத்துக்கும் தொடர்பு உண்டா?

உறையூர் மகள்:

வணக்கம். அப்பாவைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். விவரம் தெரிந்தால்தான் யாராவது பதில் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. மின்வாரியத்தில் வயர்மேனாக நுழைந்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவர். போன வருஷம் யூரின் சரியாக இறங்கவில்லை என்று காட்டப் போனோம். புராஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவு ஏறியிருந்தது. பயாப்ஸி, எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன் எல்லாம் எடுத்து புராஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். வேறெங்கும் பரவவில்லை, ஆனால் சுரப்பியின் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கூடவே இரண்டு வருஷத்துக்கு ஹார்மோன் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. லூப்ரோலைடு என்று சீட்டில் இருக்கிறது. பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கிவிட்டது. அந்த வகையில் நிம்மதி.

இப்போது பிரச்சினை ஞாபகம். அப்பா எப்படிப்பட்டவர் என்றால், எங்கள் தெருவில் யார் வீட்டு சர்வீஸ் நம்பரைக் கேட்டாலும் கார்டைப் பார்க்காமல் சொல்லுவார். 1977 நவம்பர் புயல் அடித்தபோது வேலைக்குச் சேர்ந்த புதுசு. எந்த ஊரில் எந்தக் கம்பம் சாய்ந்தது, எந்த ஃபீடரை முதலில் எடுத்தார்கள், யார் கூட மாட்டு வண்டியில் இன்சுலேட்டர் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் இல்லை. போன வாரம் காலையில் போய் கவுண்டரில் கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தார். சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மறுபடி சட்டை மாட்டிக்கொண்டு கவுண்டரில் போய் நின்றிருக்கிறார். கட்டியாச்சே சார் என்று அங்கே இருந்த பையன் சொன்னதும் ரசீதைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரசீது மட்டும் மேஜையில் இருந்தது. அந்தப் பையன் எங்களுக்குத் தெரிந்தவன், அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

டாக்டரிடம் கேட்டேன். "எழுபது தாண்டியாச்சு, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஊசிக்கு முன்னால் இப்படி இல்லை என்பதுதான் என் மனசை அரிக்கிறது.

இதற்கு நடுவில் ஜிம்முக்குப் போகும் சித்தப்பா பையன் ஒரு டப்பா கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்திருக்கிறான். டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றுமாம். ஊசி எதைக் குறைக்கிறதோ அதைத் திருப்பிக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும் என்கிறான். அப்பா இன்னும் திறக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. கொடுக்கலாமா? ஊசியை நிறுத்தினால் ஞாபகம் திரும்புமா? அப்பாவுக்கு சுகர் இருக்கிறது, பல வருஷமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். வேறு வியாதி இல்லை.

உடலியல் டீச்சர்:

அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்மா. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அதை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் எடுக்கிறேன். ஹார்மோன்களும் மூளையும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நோயாளி பார்க்கும் டாக்டர் இல்லை, அதனால் சிகிச்சை முடிவுகளை உங்கள் புற்றுநோய் டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பின்னால் இருக்கும் விஷயத்தை என்னால் சொல்ல முடியும்.

புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஹார்மோனை நம்பி வளர்கிறது. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் இதைக் காட்டினார். விரைகளை எடுத்துவிட்டால் நோய் அடங்கியது. அதற்காக 1966இல் நோபல் பரிசு வாங்கினார். அப்பாவுக்குப் போடும் ஊசி அதே வேலையைக் கத்தி இல்லாமல் செய்கிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி என்ற சுரப்பிக்கு ஒரு சமிக்ஞையை விட்டு விட்டு அனுப்பும். அதைக் கேட்டு பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும், எல்.எச். போய் விரைகளிலுள்ள லேடிக் செல்களை டெஸ்டோஸ்டீரோன் தயாரிக்க வைக்கும். லூப்ரோலைடு அந்த முதல் சமிக்ஞையின் நகல். ஆனால் விட்டு விட்டு வராது, ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். முதல் சில நாள் டெஸ்டோஸ்டீரோன் ஏறும், பிறகு பிட்யூட்டரி அந்தச் சமிக்ஞைக்கு மசிவதையே நிறுத்திவிடும். ஆரோக்கியமான ஆணுக்குக் காலையில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும் டெஸ்டோஸ்டீரோன், மூன்று நான்கு வாரத்தில் 50க்குக் கீழே போய்விடும். கரண்ட் வைத்த பிறகு மிச்சமிருக்கும் செல்களைப் பட்டினி போட்டு வைத்திருப்பது இந்தக் குறைவுதான். அதை ஒரு கேப்ஸ்யூலால் ஏற்றப் பார்ப்பது, எதிரிக்குச் சோறு அனுப்புவது. அந்த டப்பாக்களில் மேலே எழுதாத சரக்கும் கலந்திருக்கலாம் என்பது தனி ஆபத்து.

இனி மூளைக்கு வருகிறேன்.

உங்கள் அப்பா 1977ஐ மறக்கவில்லை, காலையில் கட்டிய பில்லை மறக்கிறார். இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனித்துச் சொன்னது ரொம்ப முக்கியம். புது அனுபவத்தை நினைவாகப் பதிய வைப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்த இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சாகும்வரை, 2008 வரைக்கும், புதுசாகச் சந்தித்த யாரையும் அவரால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சின்ன வயசு நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. உளவியலாளர் பிரெண்டா மில்னர் பல வருஷம் அவரைப் பரிசோதித்துத்தான் பதிவதும் பதிந்ததைக் காப்பதும் வேறு வேறு வேலை என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு அந்த மாதிரிக் கேடு எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். அவர் பாஷையில் சொன்னால் பழைய லைன்கள் எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கிறது, புது சர்வீஸ் கொடுக்கிற வேலைதான் மந்தமாகியிருக்கிறது.

இந்த ஹிப்போகாம்பஸுக்கும் டெஸ்டோஸ்டீரோனுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே அதிசயமாகப் படுவது இதுதான்.

நரம்பு செல்லின் கிளைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் உடம்பெல்லாம் குட்டிக் குட்டி முட்கள் இருக்கும். பக்கத்துச் செல்லின் செய்தி பெரும்பாலும் இந்த முள்ளின் நுனியில்தான் வந்து சேர்கிறது. கற்கும்போது முட்கள் புதுசாக முளைக்கும், பருக்கும், சில உதிரும். 2003இல் யேல் பல்கலைக்கழகத்தின் சாபா லெராந்த், நீல் மெக்லஸ்கியோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். ஆண் எலிகளின் விரைகளை நீக்கிவிட்டு, ஹிப்போகாம்பஸில் சி.ஏ.1 என்ற இடத்தில் முள் மேல் அமைந்த இணைப்புகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணினார்கள். ஏறக்குறைய பாதி காணோம். டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தார்கள், திரும்பி வந்தது. அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் கொடுத்தார்கள், அதிலும் வந்தது. பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையால் கொடுத்தபோது ஆண் எலிகளில் வரவில்லை. பெண் எலிகளில் எஸ்ட்ரடையால்தான் இந்த முட்களைக் காக்கிறது என்று முன்பே தெரிந்திருந்ததால், இது பெரிய செய்தியாக இருந்தது.

டைஹைட்ரோவைத் தனியாக ஏன் சோதித்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். டெஸ்டோஸ்டீரோனுக்கு மூளைக்குள் இரண்டு வழி உண்டு. அரோமட்டேஸ் என்ற நொதி அதை எஸ்ட்ரடையாலாக மாற்றும். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றும். இரண்டு நொதிகளும் ஹிப்போகாம்பஸிலேயே இருக்கின்றன. டைஹைட்ரோவாக மாறியது பிறகு எஸ்ட்ரடையால் ஆக முடியாது. அதனால் டைஹைட்ரோ கொடுத்து ஒரு பலன் கிடைத்தால், அது ஆண் ஹார்மோன் நேரடியாகச் செய்த வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். 2007இல் கனடாவின் வான்கூவரில் லீசா கலேயாவின் குழு இன்னொன்று காட்டியது. வளர்ந்த ஆண் எலியின் ஹிப்போகாம்பஸில் புதுசாகப் பிறக்கும் நரம்பு செல்கள் பிழைத்திருக்கவும் டெஸ்டோஸ்டீரோனும் டைஹைட்ரோவும் உதவுகின்றன, எஸ்ட்ரடையால் உதவவில்லை. டோக்கியோவில் கவாட்டோவின் குழு 2004இலேயே, ஆண் எலியின் ஹிப்போகாம்பஸ் செல்களே உள்ளுக்குள் எஸ்ட்ரடையாலைத் தயாரிக்கும் வல்லமை உடையவை என்று காட்டியிருந்தது. அதாவது மூளை ஹார்மோனை வாங்கி மட்டும் வைத்துக்கொள்வதில்லை, தானும் சமைக்கிறது.

எலிக் கதை இவ்வளவு தெளிவு. மனிதர்களிடம் வரும்போது அவ்வளவு தெளிவு இல்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சியாட்டிலில் மோனிக் செரியர் குழு 2001இல் 50 முதல் 80 வயது வரையான 25 ஆண்களில் ஒரு பிரிவுக்கு ஆறு வாரம் டெஸ்டோஸ்டீரோன் ஊசியும் மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போட்டது. டெஸ்டோஸ்டீரோன் போட்டவர்களுக்கு வழி நினைவும் சொல் நினைவும் கூடின. 2005இல் 60 பேரிடம் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு டெஸ்டோஸ்டீரோனோடு, அது எஸ்ட்ரடையாலாக மாறுவதைத் தடுக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களுக்கு இடம், வழி சம்பந்தப்பட்ட நினைவு கூடியது, சொல் நினைவு கூடவில்லை. ஆணின் சொல் நினைவுக்கு எஸ்ட்ரடையால் வழிதான் வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது. உங்கள் அப்பாவுக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஆண் உடம்பில் எஸ்ட்ரடையால் வருவதே பெரும்பாலும் டெஸ்டோஸ்டீரோனிலிருந்துதான். ஊசி போட்டதும் ஒன்றல்ல, இரண்டுமே இறங்கிவிடுகின்றன.

ஆனால் சின்னச் சோதனைகளில் கண்டது பெரிய சோதனையில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 65 வயது தாண்டிய, டெஸ்டோஸ்டீரோன் குறைவாக இருந்த, மறதியும் இருந்த 493 ஆண்களுக்கு ஒரு வருஷம் ஜெல்லாகத் தடவக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வெறும் ஜெல். ஒரு பத்தியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வதுதான் முக்கியமான தேர்வு. 2017இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. வயதானவருக்கு ஹார்மோனை ஏற்றினால் ஞாபகம் திரும்பும் என்ற நம்பிக்கைக்கு இது நேரான பதில். உங்கள் சித்தப்பா பையனிடம் இதைச் சொல்லுங்கள். புற்றுநோயே இல்லாத ஆண்களுக்கே பலன் இல்லை.

உங்கள் அப்பா போல ஊசி போட்டுக்கொள்பவர்களைப் பற்றிய ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. டொராண்டோவில் ஷபீர் அலிபாய் குழு 2010இல் ஒரு வருஷமும், பிறகு மூன்று வருஷம் வரையும் தொடர்ந்து பார்த்தது, சொல்லும்படியான கெடுதல் இல்லை என்றது. ஃபுளோரிடாவில் மோஃபிட் மையத்தில் 2015இல் வெளிவந்த ஆய்வு, ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் ஊசி போட்டவர்களில் கூடுதலான பேர் தேர்வுகளில் பின்தங்கினார்கள் என்றது. 2019இல் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 1,54,089 பேரின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 9.4 சதவீதம் பேருக்கும் பிறகு அல்சைமர் என்ற மறதி நோய் கண்டறியப்பட்டது. அது பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஊசி போட்டவர்கள் மற்ற விதத்திலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம் என்பதால், ஊசிதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

என் தீர்ப்பைக் கேட்டால்: அப்பா கற்பனை செய்யவில்லை, நீங்களும் கற்பனை செய்யவில்லை. ஊசிக்கு ஒரு பங்கு இருக்க நியாயமான காரணம் உண்டு. வயசு என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். காரணம், ஊசியைச் சாக்காக வைத்தோ வயசைச் சாக்காக வைத்தோ, சரி செய்யக்கூடியவற்றைத் தேடாமல் விட்டுவிடுகிறோம்.

தேட வேண்டியவை இவை. பல வருஷம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அது ஞாபகத்தைக் கெடுக்கலாம். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், மூன்று மாத சுகர் நான்கையும் கேளுங்கள். ஹார்மோன் ஊசி ஹீமோகுளோபினை இறக்கலாம், சுகரைக் கட்டுக்கு மீறச் செய்யலாம், இரண்டுமே மந்தம் தரலாம். ராத்திரி வேர்த்து எழுகிறாரா என்று அம்மாவைக் கேளுங்கள். பகலில் பதிந்தது நிலைபெறுவது தூக்கத்தில்தான். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள், காதில் விழாததை மறதி என்று நினைத்துக்கொள்வோம். மனசு சோர்ந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ரசீதை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. ஞாபகத்தையும் யோசனையையும் சோதிக்கும் மோக்கா என்று 30 மார்க்குக்கு ஒரு தேர்வு தமிழிலும் இருக்கிறது. நரம்பியல் டாக்டரிடம் போய் இப்போது ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும்.

பீளமேடு பட்டறைக்காரர்:

வணக்கமுங்க. டீச்சரம்மா சொன்னது எல்லாம் சரிங்க. நான் அந்த ஊசியே போட்டுக்கிட்டவன், அதனால எழுதறேன். எனக்கு 68. பம்ப்செட் உதிரி கடையற லேத் பட்டறை வெச்சிருந்தேன், இப்பப் பையன் பாக்கறான்.

ஊசி போட்ட புதுசுல எனக்கு ஆனது என்னன்னா, அளவு நிக்காதுங்க. கேலிபர்ல ஷாஃப்ட் அளந்து பாப்பேன், மெஷினுக்கு நாலு எட்டு வர்றதுக்குள்ள போயிரும். திரும்பப் போயி அளக்கணும். ஆனா எந்த ஷாஃப்டுக்கு எந்த டூல், எவ்வளவு வேகம், கை தானா போகும். அது ஒரு நாளும் தப்பினதில்லை. உங்கப்பா கதையேதானுங்க.

ராத்திரிதான் கொடுமை. நெஞ்சுல இருந்து குபீர்னு சூடு ஏறும், பனியன் நனைஞ்சு போகும், எந்திரிச்சு ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பேன். டாக்டர்கிட்டச் சொன்ன பொறகு அதுக்கு ஒரு மாத்திரை குடுத்தாரு. தூக்கம் கொஞ்சம் திரும்புச்சு. தூக்கம் வந்த பொறகு அளவும் கொஞ்சம் நிக்க ஆரம்பிச்சது, முழுசா இல்லைங்க.

இன்னொண்ணு, வீட்டுல யாருக்கும் சொல்லாதது. சும்மா சும்மா அழுகை வரும். டிவில எவனோ பையனக் கட்டிப் புடிச்சா எனக்குக் கண்ணு நெறையும். ஆம்பளைக்கு இதென்ன வேலைன்னு மறைச்சு மறைச்சு வெச்சிருந்தேன். அது ஊசியோட குணம்னு நர்ஸ் பொண்ணு ஒருத்தி சொன்ன பொறகுதான் மனசு லேசாச்சு. உங்கப்பாகிட்ட இதை நீங்க கேட்டாச் சொல்ல மாட்டாரு, மக கிட்டச் சொல்ல வெக்கப்படுவாரு. மாப்பிள்ளையோ அவரு கூட வேலை பாத்த பழைய ஆளோ யாராவது கேட்டா நல்லதுங்க.

நான் செஞ்சது: லேத்துக்குப் பக்கத்துல ஒரு சிலேட்டு மாட்டி, அளந்த கையோட சாக்பீஸ்ல எழுதிருவேன். உங்கப்பா மாதிரி லைன்ல ஏறுன மனுசங்களுக்கு லாக் புக் எழுதற பழக்கம் இருக்கும். அதே மாதிரி ஒரு நோட்டு போட்டுக் குடுங்க. மறதிக்காரன் நோட்டுன்னு சொல்லாதீங்க, லாக் புக்குன்னு சொல்லுங்க. அப்புறம் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத் தம்புள்ஸ் தூக்கறேன். இந்த ஊசி சதையையும் எலும்பையும் அரிக்கும், நடை மட்டும் பத்தாதுன்னாங்க.

ஜிம் கார்த்தி:

மேடம், ஒரு டவுட். எனக்கு 24 வயசு, பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறேன். கோச் டெஸ்டோஸ்டீரோன் சைக்கிள், அதாவது சில வாரம் தொடர்ந்து, போடச் சொல்றார், உடம்பும் ஏறும், மூளையும் ஷார்ப் ஆகும்னு சொல்றார். எலிக்கு ஞாபகம் கூடுதுன்னா நமக்கும் கூடணும்ல?

உடலியல் டீச்சர்:

கூடாது தம்பி. அந்த எலிகளுக்கு முதலில் ஹார்மோனை எடுத்துவிட்டு, அப்புறம் இயல்பான அளவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இல்லாததைத் திருப்பிக் கொடுப்பதும், இருப்பதற்கு மேல் பல மடங்கு கொட்டுவதும் ஒன்றாகிவிடாது. பாஸ்டன் பக்கத்தில் மெக்லீன் மருத்துவமனையில் கனயாமாவும் ஹாரிசன் போப்பும் பல வருஷம் டெஸ்டோஸ்டீரோன் வகை ஸ்டீராய்டு போட்ட பளுதூக்கும் ஆட்களைச் சோதித்து 2013இல் எழுதினார்கள். பார்த்த வடிவங்களையும் இடங்களையும் நினைவில் வைக்கும் தேர்வுகளில் அவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கினார்கள். வாழ்நாளில் போட்ட மொத்த டோஸ் கூடக் கூடப் பின்னடைவும் கூடியது. நார்வேயில் எடுத்த மூளை ஸ்கேன்களில் அப்படிப்பட்டவர்களின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, பல இடங்களில் மெலிந்திருந்தது.

அதோடு வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தால் பிட்யூட்டரி எல்.எச்.சை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்தின பிறகு பல மாதம் உன் சொந்தச் சுரப்பு திரும்பாமல் சோர்ந்து கிடப்பாய், எக்ஸாம் வருஷத்தில். 24 வயசில் உனக்கு ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது. ராத்திரி போனை வைத்துவிட்டுத் தூங்கு. போடாதே தம்பி, கேட்கத் தோன்றியதே நல்லது.

உறையூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. டப்பாவை அன்றைக்கே சித்தப்பா பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டான், பரவாயில்லை.

ரத்தம் பார்த்தோம். பி12 148 என்று வந்திருக்கிறது, அந்த லேபில் 200க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஹீமோகுளோபின் 10.8. தைராய்டு சரியாக இருக்கிறது, மூன்று மாத சுகர் 8.1. சுகர் பார்க்கும் டாக்டர் பி12 ஊசி எழுதிக் கொடுத்து, மாத்திரையையும் மாற்றியிருக்கிறார். நரம்பியல் டாக்டர் மோக்கா எடுத்தார். 30க்கு 22. ஐந்து வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டதில் அப்பாவுக்கு ஒன்றுதான் வந்தது. கடிகாரம் வரையச் சொன்னதற்கு அட்டகாசமாக வரைந்துவிட்டு, டாக்டர் ரூமில் ஓடாமல் நின்றிருந்த கடிகாரத்தைக் காட்டி பேட்டரி மாற்றச் சொல்லிவிட்டு வந்தார்.

பீளமேடு ஐயா, நீங்கள் சொன்னபடி அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த மாமா ஒருவரை வரச் சொன்னேன். இரண்டு பேரும் மாடியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அப்பாவே, ராத்திரி வேர்க்கிறது, அதற்கு மருந்து இருக்கிறதா கேள் என்றார். இத்தனை மாதம் அம்மாவிடம்கூட ஃபேன் சரியில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

டீச்சர், ஒரு கேள்வி பாக்கி. ஊசி முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. முடிந்த பிறகு ஹார்மோன் தானாக ஏறுமா? ஞாபகம் திரும்புமா?

உடலியல் டீச்சர்:

பி12 கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் குறைவு பி12ஆலா ஹார்மோன் ஊசியாலா, இரண்டாலுமா என்பதை டாக்டர் பார்க்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே மோக்காவை மறுபடி எடுங்கள். ஐந்து வார்த்தையில் ஒன்று என்பதையும் கவனிக்க வேண்டும், மொத்த மார்க்கை மட்டும் அல்ல.

கடைசி ஊசியின் வீரியம் தீர்ந்த பிறகு டெஸ்டோஸ்டீரோன் மெதுவாக ஏறும். இரண்டு வருஷம் போட்டவர்களுக்குப் பல மாதம் ஆகும், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். 70 தாண்டியவர்களில் சிலருக்குப் பழைய அளவுக்கு வருவதே இல்லை. ஏறினால் சூடு அடங்கும், தூக்கம் வரும், தெம்பு வரும், அதோடு ஞாபகம் தெளிந்தவர்களும் இருக்கிறார்கள். அப்பாவுக்கும் அப்படி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு வருஷம் என்பதை ஒன்றரையாகக் குறைக்கலாமா என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்பது தப்பில்லை, சில நோயாளிகளுக்கு 18 மாதம் போதும் என்று முடிவெடுப்பது உண்டு. ஆனால் அது அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் சொல்ல வேண்டியது. நீங்களாக ஒரு ஊசியைக்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

வழக்கமாகப் போகும் தெருவில் வழி தடுமாறினாலோ, சில்லறைக் கணக்கு தவறினாலோ, ஆளே மாறின மாதிரி நடந்துகொண்டாலோ அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே நரம்பியல் டாக்டரிடம் போங்கள். திடீரென்று பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, முதுகு வலியோடு கால் பலம் குறைந்தாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்கு. அப்பாயின்ட்மென்ட் போகும்போது பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டோடு டெஸ்டோஸ்டீரோன் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். லாக் புக்கை அப்பா கையிலேயே கொடுத்து, கேள்விகளை அவர் கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். டாக்டரிடம் அவரே வாசித்துக் கேட்கட்டும்.